உகாலிக்கைக் கூப்பிட்ட மத்தியானம்

மத்தியானம் மூன்று மணி பத்து நிமிஷம். கும்மிருட்டு… நம் துருவத்துக் குளிர்காலத்தில் சூரியன் தலைமறைவாகி ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் ஊருக்கும் விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் நடுவே அறுபது கிலோமீட்டர் உறைந்த கடல். அதன் மேல் ஒரே ஒரு பாதை. அந்தப் பாதையில் ஒரே ஒரு மனிதன், ஒரே ஒரு விளக்கு.

அந்த மனிதன் ஜெய்பெத்தி. என் சிநேகிதன் சகியாசி இருக்கிறானே, அவனுடைய தங்கை மியாலியாவின் புருஷன். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அங்கங்கே கொஞ்சம் உப்புப் போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

"பெருசு, போன வருஷம் சொன்னப்போ ராத்திரி பன்னெண்டு மணின்னீங்க," என்றாள் கூட்டுறவுக் கடை அலாசுவா. புயலில் விமானம் வராமல் விமான நிலையத்தில் பதினோரு பேர் ஒரே ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதிலும் அவளுக்கு வாய் மட்டும் உறையவில்லை.

"போன வருஷம் உனக்குக் காய்ச்சல். காது சரியா வேலை செய்யல. பேசாம கேளு."

அன்றைக்குக் குளிர் எப்படி என்கிறீர்கள்… ஜெய்பெத்தி கொட்டாவி விட்டால் அது கட்டியாகிக் காலில் விழும். எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் அடுத்த கொட்டாவி. ஆனால் கடலுக்கு அந்தக் குளிர் உறைக்கவில்லை. அதுதான் இப்போதைய வினோதம். மேலே மூக்கு உதிர்கிறது, கீழே தண்ணீர் வெதுவெதுப்பாகப் படுத்துக் கிடக்கிறது. நான் இந்த ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்ட ஆரம்பித்த காலத்தில் அக்டோபர் பாதியில் விரிகுடா பூட்டிக்கொண்டுவிடும். சாவியைத் தொலைத்த மாதிரி ஜூலை வரை திறக்காது. இப்போது டிசம்பரில்கூட நம்ப முடிவதில்லை. பனிவண்டிக்குப் பின்னால் படகையும் கட்டி இழுத்துக்கொண்டு வேட்டைக்குப் போகிறோம். மிதவைச் சட்டை போடாமல் எந்தப் பெண்டாட்டியும் புருஷனை வாசல் தாண்ட விடுவதில்லை. பிரியம் என்று நினைக்காதீர்கள். உடம்பாவது கிடைக்கட்டும் என்றுதான்.

ஜெய்பெத்தியின் வேலையே அதனால் வந்ததுதான். பனிவண்டிக்குப் பின்னால் ஒரு சறுக்குவண்டி. சறுக்குவண்டிக்குள் பனியின் தடிப்பை அளக்கிற கருவி. ஓட்டிக்கொண்டே போனால் முன்னால் இருக்கிற சின்னத் திரையில் எண் வரும். நல்ல இடத்தில் பச்சைக் கழி, கெட்ட இடத்தில் சிவப்புக் கழி. அவன் நட்ட கழியை நம்பித்தான் இரண்டு ஊரும் போய் வரும்.

மறுநாள் கிறிஸ்துமஸ் விளையாட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து முப்பது குடும்பம் வருவதாக இருந்தது. குழந்தை குட்டி எல்லாம். கரை வழியாக மலையைச் சுற்றி வந்தால் எட்டு மணி நேரம், இரண்டு பங்கு பெட்ரோல். அதனால் ஜெய்பெத்தியின் ரேடியோ காலையிலிருந்து ஓயவில்லை. "பச்சையா, சிவப்பா? சீக்கிரம் சொல்லுப்பா, கேக்கெல்லாம் கட்டியாச்சு."

இருபது கிலோமீட்டர் வரை பச்சைதான். அப்புறம் குரல்வளை வந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே கடல் மூச்சு வாங்குகிற அந்தக் குறுகல். உங்களுக்குத் தெரியாததா?

அவன் மாமனார் கிழவர் உகாலிக் போன இடம்.

அறுபது வருஷம் பனி குத்திய கை அது. இரும்பு முனை வைத்த ஈட்டியால் குத்திக் குத்தித்தான் நடப்பார். ஓர் இடத்தில் மூன்று குத்து. மூன்றாவது குத்துக்கும் தாங்கினால் நாய்கள், வண்டி, மாமியார் எல்லாம் போகலாம் என்பார். அவர் தாத்தா கூடாரம் போட்டுத் தூங்கிய பனி அந்தக் குரல்வளைப் பனி. அங்கே போய்க் குத்திப் பார்ப்பானேன் என்று அன்றைக்கு ஒருநாள் குத்தாமல் நடந்தார்… ஏழு வருஷம் ஆயிற்று. ஒரு கையுறை மட்டும் கிடைத்தது.

எட்டாம் மாசம் மியாலியாவுக்குப் பெண் பிறந்தது. வேறு பெயரே பேச்சில் இல்லை. உகாலிக் என்று வைத்தார்கள். வைத்தபின் அது பெயர் மட்டுமா? போனவர் பெயரை வைத்தால் பெயரோடு போனவரும் வருவார். கிழவர் திரும்பி வீட்டுக்கு வந்தாயிற்று. மியாலியா பெற்ற மகளை "அப்பா" என்று கூப்பிட்டாள். சகியாசியும் "அப்பா." ஜெய்பெத்திக்கு அவள் "மாமா." மாமனாரை அடிக்க முடியுமா, அதட்டத்தான் முடியுமா? ஆறு வயசில் அந்தப் பெண் ஆடின ஆட்டம் இருக்கிறதே! அலமாரியில் பிஸ்கட் டப்பா காலி. அப்பன்காரன் பூட்ஸுக்குள் மீன் தலை. இவன் கைகட்டி நின்று, "மாமா, போதும் மாமா… அந்த ஒரு பிஸ்கட்டையாவது எனக்கு விடுங்க," என்பான். வாசலில் நின்று அவன் கத்துகிற "மாமா, உள்ள வாங்க!" எங்கள் வீதி முழுக்கக் கேட்கும்.

அப்படிப்பட்டவன் குரல்வளை வாசலில் வண்டியை நிறுத்தினான். திரையில் எண் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். தாராளம். லாரியே போகலாம்… என் லாரி இல்லை, சின்ன லாரி. பச்சைக் கழிகளையும் குழி போடுகிற கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு இஞ்சினை அணைத்தான்.

அணைத்ததும் கேட்டது.

டொக்.

டொக்.

டொக்.

ஒரு நிறுத்தம். ஒரு செருமல்.

மறுபடி… டொக். டொக். டொக்.

யாரோ விளக்கு வெளிச்சத்துக்குக் கொஞ்சம் அப்பால் பனியைக் குத்திக்கொண்டே நடக்கிறார்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரன் எவனோ அவசரம் தாங்காமல் எதிரே வந்துவிட்டான் என்று ஜெய்பெத்தி நினைத்தான். தலைவிளக்கைத் திருப்பினான். ஒரு முதுகு. கலைமான் தோல் அங்கி. இன்றைக்கு யார் அதைப் போடுகிறார்கள்? காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. ஈரத் தோலின் வாடை, அடியில் பழைய புகையிலை வாடை.

"யாருப்பா அது? எந்த வீடு?"

டொக். டொக். டொக்.

கழிகளைக் கையில் பிடித்தபடியே பின்னால் நடந்தான். பத்தடி. இருபதடி. பொடிப்பனியில் ஈட்டி இறங்கிய துளைகள் இருந்தன, மூன்று மூன்றாக. பக்கத்தில் கால் தடம்…

"இல்ல," என்றாள் அலாசுவா மெதுவாக.

"நீயே சொல்லிட்டா நான் எதுக்கு?"

இல்லை. தடம் இல்லை.

துளை ஒவ்வொன்றிலும் தண்ணீர் கசிந்து கறுப்பாக நின்றது. மூன்றாவது குத்தில் வந்தது, போகப் போக இரண்டாவது குத்தில் வந்தது. அப்புறம் சத்தமே மாறிப்போயிற்று. டொக் இல்லை. சதக். நனைந்த ரொட்டியில் கத்தி இறங்குகிற மாதிரி. முதல் குத்திலேயே… சதக்.

ஜெய்பெத்தி தன் கடப்பாரையைத் தூக்கி ஒரு போடு போட்டான். முழங்கை வரை உள்ளே போயிற்று. கருவி பொய் சொல்லவில்லை, பாவம். மேலே பனி, நடுவே தண்ணீர், கீழே மறுபடி பனி. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி முப்பத்தெட்டு என்று சொல்லியிருந்தது. அவன் கையில் பன்னிரண்டு பச்சைக் கழிகள். நாளைக்கு முப்பது குடும்பம்.

அந்த முதுகு நிற்காமல் நடந்தது. பாறைக்குப் பக்கத்தில் நீரோட்டம் சுழிக்கிற இடத்தைப் பார்த்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் போன அதே இடம்.

அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். நம்மில் யாராக இருந்தாலும் செய்திருப்போம். யோசித்துச் செய்யவில்லை. தினமும் பத்துத் தடவை வாசலில் நின்று கத்துகிற வாய் தானாகத் திறந்தது.

"மாமா! அங்க போகாதீங்க! திரும்பி வாங்க!"

முதுகு நின்றது.

திரும்பவில்லை. காற்று நின்றது. அப்புறம் ஒரு குரல். கிழவர் குரல் இல்லை, அதுதான் கொடுமை. சன்னமான, பல் விழுந்த குரல். அவன் காலையில் பூட்ஸ் மாட்டிவிட்டு வந்த பெண்ணின் குரல்.

"வர்றேன்."

பெயர் கொடுத்தவர்களுக்குத் தெரியும். கிழவர் வீட்டில் இருக்கிறார், ஆறு வயசில், பிஸ்கட் தின்றுகொண்டு. வீட்டில் இருப்பவரைக் குரல்வளையில் நின்று கூப்பிட்டால்… எது வரும்?

ஓடினான். கழிகளை எறிந்துவிட்டு வண்டிக்கு ஓடினான். ரேடியோவை எடுத்தான்.

"மியாலியா! மாமா எங்க?"

மியாலியா அடுப்படியில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். "இங்கதான் படம் வரஞ்சிட்டிருந்தார் அப்பா. இப்பத்தான் திடீர்னு எழுந்து 'வர்றேன்'னு சொல்லிட்டு பூட்ஸ் மாட்டினார். யாரு கூப்பிட்டான்னு கேட்டேன். பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருப்பார். ஏன், என்ன?"

"எப்போ? எத்தன மணிக்கு?"

"மூணு பத்து இருக்கும். ஏய், என்னன்னு சொல்லு! ஜெய்பெத்தி!"

அவன் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "வீடு வீடாப் போய்ப் பாரு," என்று மட்டும் சொன்னான். "பாதை சிவப்புன்னு எல்லாருக்கும் சொல்லு. ஒருத்தனும் ஐஸுல இறங்கக் கூடாது." அப்புறம் வண்டியைத் திருப்பினான்.

இருபது கிலோமீட்டரையும் அவன் அரை மணிக்குக் கொஞ்சம் கூட எடுத்துக் கடந்தான். அவன் வண்டியின் வயசை வைத்துப் பார்த்தால் அதுவே ஒரு பேய்க் கதை. பின்னால் சறுக்குவண்டி துள்ளித் துள்ளி விழுந்தது. ஊர் விளக்குகள் தெரிந்தன. கரைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். அங்கே, விளக்கு வெளிச்சத்தில்…

சின்ன உருவம். சிவப்புக் கோட்டு. கையுறை இல்லை. பனியின் நடுவே ஒற்றையாக நின்றுகொண்டிருந்தாள்.

இவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கறுப்புத் திட்டு. ஈரப் பனி, இருபது அடி அகலம். வண்டியோடு போக முடியாது, இவன் எடைக்கும் தாங்காது. அவள்தான் ஓரமாகச் சுற்றி, இவன் சொல்கிறபடி அடி வைத்து வர வேண்டும். இஞ்சினை அணைத்தான், தன் குரல் அவளுக்குக் கேட்கட்டும் என்று.

அணைத்ததும் கேட்டது. பின்னால்.

டொக். டொக். டொக்.

அத்தனை வேகத்தில் வந்தவனுக்குப் பின்னால், நிதானமாக நடந்து வந்து சேர்ந்திருந்தது. செருமல். புகையிலை வாடை. ஜெய்பெத்தி திரும்பவில்லை. மகளையே பார்த்தான். மகள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, அவனுக்குப் பின்னால் பார்த்தாள்… தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

ஓர் அடி எடுத்து வைத்தாள். கறுப்புத் திட்டை நோக்கி, நேராக.

கூப்பிட வாயெடுத்தான். "மா…" என்றதுமே பின்னால் டொக் என்றது, இன்னும் பக்கத்தில். வாயை மூடிக்கொண்டான். "உகாலிக்" என்றாலும் அதே கதைதான். அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பேர் வருவார்கள். ஆறு வருஷமாக அவளுக்கு அவன் வாயில் வேறு பெயரே இல்லை.

இன்னொரு பெயர் இருந்தது. ஆஸ்பத்திரி அட்டையில் எழுதுவதற்காக எதையோ சொல்லி வைத்தது. அது என்ன? சிரிக்காதீர்கள்… பெற்ற மகளின் பெயர் அப்பனுக்கு ஞாபகம் வரவில்லை. சாராவா? ரேச்சலா? அவள் இன்னொரு அடி வைத்தாள். பனி முனகியது. தடுப்பூசி போட்ட நாளில் நர்ஸ் கதவைத் திறந்து கத்தினாளே, யாருமே எழுந்திருக்காமல் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே, அந்தப் பெயர், அந்தப் பெயர்…

"லீடியா!"

அவள் நின்றாள். யாரைச் சொல்கிறான் என்பது போல முழித்தாள். ஆனால் கண் அவன் பக்கம் திரும்பியது.

"லீடியா, என்னப் பாரு. என்ன மட்டும் பாரு. இடது பக்கம் நட. வெள்ளையா இருக்கிற இடத்துல கால வை. நல்ல பொண்ணு… லீடியா, இங்க வா."

சுற்றி வந்தாள். கடைசி நாலடி ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். "குளுருது அப்பா," என்றாள். அதுவரை அவனை அவள் "மாப்ள" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தூக்கித் தனக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, திட்டுக்கு வெகு தூரம் விலகிச் சுற்றி, திரும்பிப் பார்க்காமல் கரைக்கு ஓட்டினான்.

வீட்டுக்குள் வந்ததும் மியாலியா பெண்ணைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டாள். கை, கால், காது எல்லாம் தேய்த்தாள். "அப்பா, அப்பா, என்ன பயமுறுத்திட்டீங்களே," என்றாள். பெண் அண்ணாந்து பார்த்தது. யாரையோ கூப்பிடுகிறாள் என்று கதவுப் பக்கம் பார்த்தது.

மியாலியாவின் கை நின்றது.

"என்ன செஞ்ச?" என்றாள் புருஷனிடம்.

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தவில்லை. மியாலியா கத்தாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பொண்ணக் கூட்டிட்டு வந்துட்ட," என்றாள். "எங்க அப்பாவ அங்கேயே விட்டுட்டு வந்துட்ட."

"வேற என்ன செய்யச் சொல்ற? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"அதையேதான் செஞ்சிருப்பேன்." அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. "அதுக்காக நீ செஞ்சது இல்லன்னு ஆயிடுமா? ஒரு தடவ தண்ணிக்குக் குடுத்தோம். திரும்பி வந்தார். இப்ப நாமளே பேரப் புடுங்கி வெளிய தள்ளிட்டோம். எந்த வீட்டுக்குப் போவார் அவர்?"

இரண்டு பேரும் பெண்ணை நடுவில் போட்டுக்கொண்டு விடிய விடிய… விடியாது, அது வேறு விஷயம்… உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சகியாசியும் இரண்டு பேரும் சிவப்புக் கழி நடுவதற்காகப் பனியில் இறங்கினார்கள். முப்பது குடும்பமும் மலையைச் சுற்றி, ஜெய்பெத்தியைத் திட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து ஐந்நூறு அடி போனதும் மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

குறுக்கே ஒரு பிளவு. இக்கரையிலிருந்து அக்கரைக்கு நூறு அடி இருக்கும். சரி, உப்பைக் குறைத்து எண்பது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் புதுப் பனி, ஆடை மாதிரி. சகியாசி கத்தியால் வெட்டி, விரலை வைத்துப் பார்த்தான். நாலு விரல் தடிப்பு. அந்தக் குளிருக்கு நாலு விரல் என்றால் பதினெட்டு மணி நேரம். நமக்கு அது கடிகாரம். கணக்குப் போட்டான், மற்ற இரண்டு பேரும் போட்டார்கள். அப்படியானால் அந்தப் பிளவு முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணிக்கே திறந்துவிட்டது.

பெண்ணின் சின்னப் பூட்ஸ் தடம் பிளவின் விளிம்பு வரை போயிருந்தது. எதிர் விளிம்பில் மறுபடி ஆரம்பித்து நடந்திருந்தது. ஜெய்பெத்தியின் வண்டித் தடம் அந்தப் பக்கம் விளிம்பில் முடிந்து, இந்தப் பக்கம் விளிம்பில் ஆரம்பித்திருந்தது. நடுவில் அந்த நேரத்துக்கு இருந்தது ஒரு மணி நேரத்துப் பனி, இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துப் பனி. நரி தும்மினால் உடையும்.

திரும்பி நடந்தார்கள். நடக்கும்போதுதான் சகியாசி இன்னொன்றைப் பார்த்தான். பிளவிலிருந்து ஊர் வரைக்கும் சறுக்குவண்டியின் தடம் அரையடி ஆழம் இறங்கியிருந்தது. அதில் கருவியைத் தவிர ஒன்றும் கிடையாது. கருவியின் எடை ஒரு நாய்க்குட்டி. ஆள் உட்கார்ந்தால்தான் அந்த ஆழம் வரும்.

தடத்தோடே வந்தார்கள். பெட்ரோல் தொட்டி தாண்டி, தேவாலயம் தாண்டி. ஜெய்பெத்தி வீட்டு வாசல் வரை போகும் என்று நினைத்துக்கொண்டே வந்தார்கள். போகவில்லை. சுகாதார நிலையத்துக்கு முன்னால், சரியாக அந்தப் படிக்கட்டுக்கு நேரே, தடம் லேசாகிவிட்டது. அங்கிருந்து வீடு வரைக்கும் நாய்க்குட்டி எடைதான்.

முந்தின நாள் மாலை அங்கே மூன்று பெண்கள் இருந்தார்கள். பிரசவத்துக்குத் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக விமானத்துக்காகக் காத்திருந்தவர்கள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. யாரும் வரவில்லை, யாரும் தட்டவில்லை என்று நர்ஸ் சத்தியம் செய்தாள். ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு விசித்திரமாகப் பட்டதாம். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மூவரில் நடுவில் இருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

எதற்கு என்று கேட்டதற்கு,

"ரொம்ப நனஞ்சு போய் வந்திருக்கார், பாவம்," என்றாளாம்.